எதிராளியின் எலி இறந்துவிட்டதா?

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். போக்கிமான் என்னும் கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் வீடியோ விளையாட்டுத் தொடரில் ஒளிந்திருக்கும் உட்பொருள்களைப் பற்றி நான் அனுப்பிய கட்டுரையை ‘இதழுக்கு ஏற்றதன்று’ என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கதாநாயகனோடு போட்டியிடும் எதிராளியின் ராட்டிகேட் என்ற எலி நமக்குத் தெரியாமலே இறந்துபோனது. கியூபோன் என்ற போக்கிமான் உண்மையில் கங்காஸ்கான் என்ற வேறோர் இனத்தின் அநாதைக் குட்டி. டிட்டோ என்ற போக்கிமான், மியூ என்ற போக்கிமானை நகலெடுக்கப் போய்த் தோற்றதில் மிஞ்சிய பிண்டம். ஆட்டத்தில் வரும் லாவெண்டர் டவுன் என்ற ஊரின் இசை ஜப்பானில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கதை நடக்கும் நாடு ஒரு பெரும்போரில் ஆண்களை இழந்த நாடு. இவற்றையெல்லாம் உலகெங்கும் ரசிகர்கள் சான்றுகளோடு பேசுகிறார்கள். சங்கப் பாட்டில் எருமை தாமரையை மேய்ந்தால் உள்ளுறை, அதாவது சொல்லாமல் சொல்லும் பொருள், என்று பக்கம் பக்கமாக வெளியிடும் தாங்கள், விளையாட்டில் உள்ளுறை தேடினால் மட்டும் முகம் சுளிப்பது ஏன்? அது பண்டிதர் சொத்து, இது பையன்கள் பொழுதுபோக்கு என்பதாலா?

— கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, கட்டுரையைத் திருப்பியதற்குக் காரணம் அதன் பொருள் விளையாட்டு என்பதன்று, அந்த விளையாட்டை நீங்கள் கவனமாக வாசிக்கவில்லை என்பதுதான். உள்ளுறையை நீங்களே இழுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன். தெய்வம் நீங்கலாக, விலங்கு, பூ போன்ற கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டே உள்ளுறை பிறக்கும் என்பது தொல்காப்பியம் வகுத்த வரம்பு. எருமையும் தாமரையும் பாட்டுக்குள் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கின்றன. தலைவனின் பரத்தமையைத் தோழி வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்தில் அவை அவளுக்காகப் பேசுகின்றன. பேசும்போது வெளிப்படைப் பொருளுக்கு ஆழம் கூட்டுகின்றனவே தவிர அதைப் பொய்யாக்குவதில்லை. பாட்டில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பாட்டிலேயே இருப்பதைத் தள்ளிவிடுகிறவரை உரையாசிரியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த அளவுகோலைத்தான் உங்கள் கட்டுரைக்கும் வைத்தேன். தனிச் சலுகையும் இல்லை, தனித் தண்டனையும் இல்லை.

ராட்டிகேட்டை எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ். ஆன் கப்பலில் எதிராளி நம்மோடு மோதும்போது அந்தப் பேரெலி அவனிடம் இருக்கிறது. பிறகு லாவெண்டர் டவுனில், இறந்த போக்கிமான்களை அடக்கம் செய்திருக்கும் கோபுரத்தின் இரண்டாம் தளத்தில் அவனைச் சந்திக்கும்போது அது இல்லை. ஆகவே கப்பல் சண்டையில் நம் கையால் அது செத்தது, அதைப் புதைக்கத்தான் அவன் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டுகிறீர்கள். ஒருவர் ஆறு போக்கிமான்களுக்கு மேல் கையில் வைத்துக்கொள்ள முடியாது, மற்றவை கணினிப் பெட்டிக்குப் போய்விடும் என்பது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடி. புதியவை சேரும்போது பழையது ஒன்றை ஒதுக்குவது ஆடுகிற ஒவ்வொருவரும் செய்வதுதான். அதைக்கூட விட்டுவிடலாம். அவன் அங்கே எதற்காக வந்தான் என்பதை அவன் வாயாலேயே ஆட்டம் சொல்லிவிடுகிறது என்பதுதான் எனக்கு வியப்பு. ஆங்கிலப் பதிப்பில், தோற்றபின் அவன் பேசும் பேச்சை நிறுத்தி வாசித்துப் பாருங்கள்: இப்போதுதான் ஒரு கியூபோனைப் பிடித்தேன், அதன் வளர்ந்த வடிவான மாரோவாக்கை எங்கும் காணவில்லை, இனி ஒன்றும் மிஞ்சியிருக்கும் என்று தோன்றவில்லை என்கிறான். வழக்கமான கிண்டலோடு விடைபெற்றுப் போகிறான். துக்கம் கொண்டாட வந்தவன் பேச்சா இது?

இந்தப் பேச்சைத் தாண்டிப் போனதால் நீங்கள் இழந்தது கொஞ்சமல்ல. டீம் ராக்கெட் கும்பலிடமிருந்து தப்ப முயன்றபோது கியூபோனின் தாய் கொல்லப்பட்டாள் என்று அதே ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கோபுரத்தின் ஆறாம் தளத்துப் படிக்கட்டில் வழி மறிக்கும் உருவம் இன்னதென்று முதலில் தெரிவதில்லை. நம் போக்கிமான்கள் அஞ்சி அசைய மறுக்கின்றன. சில்ஃப் ஸ்கோப் என்ற கருவியோடு திரும்பி வந்தால்தான் அது அந்தத் தாய் மாரோவாக்கின் ஆவி என்று தெரிகிறது. அதைப் பந்து எறிந்து பிடிக்க முடியாது. வென்றபின் தாயின் ஆவி அமைதியடைந்தது என்று ஆட்டம் அறிவிக்கிறது. எல்லாவற்றையும் பிடித்துச் சேர்ப்பதே குறிக்கோளாகக் கொண்ட ஒரு விளையாட்டு, பிடிக்கக் கூடாத ஒன்றை நடுவழியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதற்கு நான்கு தளங்கள் கீழே ஒருவன் அந்த இனத்துக் குட்டி ஒன்றைப் பிடித்த பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெரியது எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை தன் தலைக்கு மேலேயே இருப்பது அவனுக்குத் தெரியாது. உள்ளுறை என்று எதையாவது சொல்லலாமென்றால் இந்த இரண்டு தளங்களுக்கும் நடுவில் இருப்பதைத்தான் சொல்வேன். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லாத எலியின் சாவுக்கு மூன்று பக்கம் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு மேற்கே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துவதையும் பார்த்திருப்பீர்கள். கதை தெரியாத ஒருவர் அதைக் கண்டு ஆயிரம் மறைபொருள் கட்டலாம். செருப்புத் தைப்பவரின் பெண்களை மணப்பதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து, தானும் செருப்புத் தைத்து, கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிந்து பட்டவராயனான முத்துப்பட்டனின் கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடிய வாய்விட்டே பாடுகிறார்கள். உட்கார்ந்து கேட்டவருக்கு மறைபொருள் தேவைப்படுவதில்லை.

கங்காஸ்கான் கோட்பாடு எங்கிருந்து முளைத்தது என்பது எனக்குப் புரிகிறது. கியூபோன் தன் இறந்த தாயின் மண்டையோட்டை அணிந்திருக்கிறது என்று மஞ்சள் பதிப்பின் போக்கிடெக்ஸ் என்ற போக்கிமான் கையேடு சொல்கிறது. அப்படியானால் உலகிலுள்ள ஒவ்வொரு கியூபோனின் தாயும் இறந்திருக்க வேண்டுமே என்ற நியாயமான கேள்வி எழுகிறது. வயிற்றுப் பையில் குட்டியோடு திரியும் கங்காஸ்கானைக் கண்டதும் அந்தக் குட்டியின் முகச்சாயல் கண்ணை உறுத்துகிறது. இதுவரை குற்றமில்லை. ஆனால் தாய் மாரோவாக்தான் என்று ஆட்டம் பேர் சொல்லிக் காட்டியபின், அவளைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைத் தாயாக்குவது உரையன்று, ஆள்மாறாட்டம். 1999-ல் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில் முட்டையிடும் ஏற்பாடு வந்தபின் வழக்கும் முடிந்துவிட்டது: மாரோவாக் முட்டையிலிருந்து கியூபோன்தான் வருகிறது, கங்காஸ்கான் முட்டையிலிருந்து கங்காஸ்கான்தான் வருகிறது. தாய் உயிரோடு பக்கத்தில் இருக்கும்போதே குட்டி மண்டையோட்டோடு பிறக்கிறதே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கேளுங்கள், அது படைத்தவர்கள் விட்ட ஓட்டை. ஓட்டையை ஓட்டை என்று சொல்வதும் விமர்சனம்தான்.

டிட்டோ விஷயத்தில் உங்கள் பக்கம் கொஞ்சம் வலு இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் எடை 4 கிலோ, இரண்டும் இளஞ்சிவப்பு, உருமாறும் வித்தை இரண்டுக்கும் தெரியும், மியூவுக்குப் பிறந்த மியூட்டூவைப் பற்றிய நாட்குறிப்புகள் சிதறிக் கிடக்கும் பாழ்மாளிகையில், மஞ்சள் பதிப்பில், டிட்டோ அகப்படவும் செய்கிறது. ஆனால் சிவப்பு, நீலப் பதிப்புகளில் அதே டிட்டோ வழிப்பாதைப் புல்வெளிகளில் யார் வேண்டுமானாலும் பிடிக்கும்படி திரிகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில், பிழைதிருத்தும் கருவிகளை நீக்கியதால் மிஞ்சிய ஏறத்தாழ 300 பைட் இடத்தில் ஷிகேகி மோரிமோட்டோ என்ற நிரலாளர் மியூவைச் சொருகினார். அவ்வளவு நெருக்கடியான இடத்தில் உட்கார்ந்தவர், ஏற்கெனவே இருந்த வித்தை ஒன்றை அதற்கும் கொடுப்பதில் என்ன மர்மம் இருக்கிறது? சான்று இரு பக்கமும் சாய்கிறது என்று எழுதியிருந்தால் அந்தப் பகுதியை வெளியிட்டிருப்பேன். நீங்கள் ‘ஐயமின்றி நிறுவப்பட்டது’ என்று எழுதியிருந்தீர்கள்.

லாவெண்டர் டவுன் இசையைப் பற்றிய பகுதியைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. அந்த இசையால் எந்தக் குழந்தையும் சாகவில்லை. ஆட்டம் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. இந்தத் திகில் கதையோ 2010 வாக்கில்தான் இணையத்தில் பரவியது. உண்மையில் நடந்தது வேறு: 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதால் சிறுவர்கள் பலருக்கு வலிப்பு வந்தது, ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், யாரும் இறக்கவில்லை, தொடரை நான்கு மாதம் நிறுத்திவைத்தார்கள். இவ்வளவு தெளிவாகப் பதிவான ஒரு நிகழ்ச்சி இருக்க, இல்லாத பிணங்களை எண்ணுவதை ரசனை என்று என்னால் ஏற்க முடியாது.

கடைசியாகப் போர். உங்கள் கட்டுரையில் நான் பென்சிலால் கோடிட்டு வைத்தது இந்தப் பகுதியை மட்டும்தான். ஆங்கிலப் பதிப்பில், வெர்மிலியன் நகரத்துப் பயிற்சிக்கூடத் தலைவரான லெப்டினன்ட் சர்ஜ், போரில் தன்னைக் காப்பாற்றியவை மின் போக்கிமான்களே என்கிறார். வாசலில் உள்ள பலகை அவரை அமெரிக்கர் என்றே அறிமுகம் செய்கிறது. பாழ்மாளிகை நாட்குறிப்பு மியூவைக் கண்டுபிடித்தது தென் அமெரிக்காவின் கயானாவில் என்கிறது. 2004-ல் வந்த மறுவடிவத்தின் போக்கிடெக்ஸில்கூட காஸ்ட்லி என்ற வாயு உருவம் இந்திய யானையையே இரண்டு நொடியில் சாய்க்கும் என்று வருகிறது. (படித்தபோது நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதியை நினைத்துக்கொண்டேன்.) ஆக, தொடக்க காலத்தில் இந்தக் கற்பனை உலகம் நம் உலகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. குழந்தைகளுக்கான ஆட்டத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் ஒரு போரைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுவதும், எந்தப் போர் என்று ஆட்டம் கடைசிவரை சொல்லாமல் விடுவதும் எழுதத் தக்க விஷயம். அதிலிருந்து தாவி, கதாநாயகனின் தந்தை வீட்டில் இல்லாததற்கும் அந்தப் போரே காரணம் என்று எழுதியதுதான் கெடுத்துவிட்டது. ஆண்பிள்ளைகள் ஒருநாள் வீட்டை விட்டுக் கிளம்பத்தான் செய்வார்கள், தொலைக்காட்சியில் அப்படித்தான் சொன்னார்கள் என்று பையனை வழியனுப்பும் அந்த அம்மாவின் பேச்சில் போரின் வாடையே இல்லை.

அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து இரண்டு பக்க அளவில் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன். ஒவ்வொரு சான்றும் எந்தப் பதிப்பில், எந்த ஊரில், யார் வாயில் அல்லது எந்தப் பலகையில் வருகிறது என்பதைக் குறிப்பிட்டுவிடுங்கள். தந்தைமார் போரில் மாண்ட பத்தியை மட்டும் தயவுசெய்து மறுபடியும் சேர்க்க வேண்டாம்.