ஃப்ளெக்ஸில் லெக்சர் எழுதியாச்சு, பார்சருக்கு எதை எடுக்கலாம்?

நீங்கள் கேட்டது இது: ரப்பர் கடைக் கணக்கை ஒரு வரியாக எழுதினால் தொகை சொல்லும் சின்ன மொழி, இறுதியாண்டு ப்ராஜெக்ட், சி-யில் எழுதுகிறீர்கள், வரியைச் சொல், எண், குறி என்று டோக்கன்களாகத் துண்டாக்கும் லெக்சர் ஃப்ளெக்ஸ் என்ற கருவியில் முடிந்துவிட்டது. இனி அந்த டோக்கன்களை இலக்கணப்படி சேர்க்கும் பார்சரை உருவாக்க எந்தக் கருவி: பைசனா, லெமனா, ஆன்ட்லரா?

பைசனை எடுங்கள். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கடைக்கு நான் இதே ஜோடியில்தான் எழுதிக் கொடுத்தேன், இன்றும் ஓடுகிறது.

உங்கள் இலக்கணத்துக்கு மூன்றுமே தாராளம். ஆகவே எது சக்தி வாய்ந்தது என்று பார்க்க வேண்டாம். ஃப்ளெக்ஸோடு எது ஒட்டும் என்று பாருங்கள். பைசன் பார்சருக்கு அடுத்த டோக்கன் தேவைப்படும்போது ஒய்ஒய்லெக்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். ஃப்ளெக்ஸ் உருவாக்கித் தருவதும் அதையேதான். 1970-களில் பெல் லேப்ஸில் இவற்றின் முன்னோடிகளான லெக்ஸும் யாக்கும் வந்த காலத்து ஏற்பாடு. பைசனை 'டி' ஆப்ஷனோடு ஓட்டினால் டோக்கன் எண்கள் கொண்ட ஹெடர் ஃபைல் கிடைக்கும், எண்கள் 258-லிருந்து தொடங்கும். அதை ஃப்ளெக்ஸ் ஃபைலில் சேர்த்தால் இணைப்பு வேலை ஏறக்குறைய முடிந்தது.

லெமன் நல்ல கருவி, எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் பார்சரே அதில்தான் உருவாகிறது. ஆனால் அது லெக்சரைக் கூப்பிடாது. நீங்கள்தான் லூப் போட்டு டோக்கன்களை ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஆன்ட்லர் 4 தன் லெக்சரைத் தானே கொண்டுவரும், சி-க்குக் கோடும் தராது. அதை எடுத்தால் உங்கள் ஃப்ளெக்ஸ் உழைப்பு வீண்.

அப்புறம், நீங்கள் நிச்சயம் சந்திக்கப் போவது ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல். இந்த வரியைப் பாருங்கள் (ஷீட், ஒட்டுப்பால் இரண்டும் ரப்பர் வகைகள்):

ஷீட் * 180 + ஒட்டுப்பால் * 110 - முன்பணம்

இப்படிப்பட்ட கணக்குக் கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) விதிகளை மட்டும் எழுதி முன்னுரிமை சொல்லாமல் விட்டால், 180-க்குப் பிறகு + வந்ததும் இரண்டு வழி தெரியும்: அதுவரை வந்த பெருக்கலை முடிப்பது (ரெட்யூஸ்), அல்லது முடிக்காமல் +-ஐயும் உள்ளே வாங்குவது (ஷிஃப்ட்). பைசன் எச்சரித்துவிட்டு ஷிஃப்ட் பக்கம் போகும். அதாவது ஷீட்டை 180-ஆல் பெருக்காமல், பின்னால் உள்ளதையெல்லாம் 180-உடன் கூட்டி, அந்தத் தொகையால் பெருக்கும். பால் வெட்டுகிறவருக்குப் போக வேண்டிய காசு தப்பாகிவிடும், எனவே அந்த எச்சரிக்கையைச் சும்மா விடாதீர்கள். கூட்டல், கழித்தலுக்கு ஒரு 'லெஃப்ட்' வரி (இடமிருந்து வலமாகச் சேர் என்று சொல்வது), அதற்குக் கீழே பெருக்கலுக்கு ஒரு 'லெஃப்ட்' வரி போடுங்கள். கீழே இருப்பதற்கே முன்னுரிமை அதிகம். 2020-ல் வந்த பைசன் 3.7 பதிப்பிலிருந்து, கேட்டால் மோதலுக்கு உதாரண வரியையே காட்டுகிறது. லேபில் பழைய பதிப்பு இருந்தால் உங்கள் லேப்டாப்பில் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸ் தான் படித்ததை வைக்கும் இடமான ஒய்ஒய்டெக்ஸ்ட்டில் உள்ள சொல்லை அப்படியே பார்சருக்கு அனுப்பாதீர்கள், நகல் எடுத்து அனுப்புங்கள். பார்சர் ஒரு டோக்கன் முன்னால் எட்டிப் பார்க்கும். அதற்குள் ஃப்ளெக்ஸ் அந்த இடத்தில் அடுத்த சொல்லை எழுதியிருக்கும்.

பெயர்களைத் தமிழில் வைக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. ஃப்ளெக்ஸுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தோ, புள்ளி, கொம்பு போன்ற குறியோ) மூன்று பைட்: முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191 வரை. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பேட்டர்ன் எழுதி, அது ஒரு முறையோ பலமுறையோ வரலாம் என்று வையுங்கள். 'ஒட்டுப்பால்' முழுசாக ஒரே டோக்கனாக வரும்.