ராத்திரி டிபன்தானே, லேசான சாப்பாடுதானே?

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து ராத்திரி சாதத்தைத் தொடுவதே இல்லை. நாலு இட்லி, இல்லாவிட்டால் மூணு தோசை, அவ்வளவுதான். ஆனாலும் எடை குறையவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லையே, ஏன்?
- வாசகி, திருச்சி

பதில்: சாதத்தை நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள்? நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து போட்டு ஆட்டிய மாவு அது. காலையில் பொங்கல், மதியம் சாதம், சாயந்திரம் டீயோடு நாலு பிஸ்கட், ராத்திரி தோசை என்று போனால் நாள் முழுக்க மாவுச்சத்துதான் உள்ளே போகிறது. இதில் நீங்கள் மட்டும் இல்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுடன் (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. நம் ஆட்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறதாம். சரி, சப்பாத்திக்கு மாறிவிடட்டுமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் பெரிய பலன் இல்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது.

இட்லியை விடச் சொல்லவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதி வயிற்றுக்குச் சாம்பாரைக் கரண்டியில் ஊற்றாமல் கிண்ணத்தில் எடுங்கள், அதுவும் அடியில் தங்கியிருக்கும் பருப்போடு. கூடவே ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் இரண்டு கிராம் தேறினாலே பெரிது, முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தோசைக்குப் பதில் பருப்பு தூக்கலாகப் போட்டு அடை வாருங்கள். (அதற்கு வெல்லம், வெண்ணெய் எல்லாம் கேட்கக் கூடாது.)

கேள்வி: காலையில் காபி மட்டும்தான், பசியே எடுப்பதில்லை. இது தப்பா?
- வாசகர், மதுரை

பதில்: பசிக்காமல் சாப்பிட வேண்டாம். ஆனால் பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசல் டீக்கடையில் இரண்டு வடையோ ஒரு முட்டை பப்ஸோ உள்ளே போகிறது என்றால் அதுதான் உங்கள் காலைச் சாப்பாடு, அதையும் கணக்கில் சேருங்கள். அதற்கு வீட்டிலிருந்து பயறோ, பழமும் கொஞ்சம் வேர்க்கடலையுமோ டப்பாவில் எடுத்துப் போவது மேல். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவராக இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தவறவிடவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அப்புறம், காபியைச் சாப்பாட்டோடு ஒட்டிக் குடிக்காதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள் என்று ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் இருக்கிறது. சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். ரத்தசோகை இருக்கிற பெண்கள் முக்கியமாக இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: கணவர் வேலை முடிந்து வீடு வரவே பத்து மணி ஆகிவிடுகிறது. அவர் வந்த பிறகுதான் நானும் சாப்பிடுகிறேன். நெஞ்செரிச்சல் தாங்கவில்லை.
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? ஏழரைக்கே சாப்பிட்டுவிடுங்கள், அவர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், யாரும் கோவித்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பிட்டவுடன் படுத்தால் வயிற்று அமிலம் மேலே ஏறத்தான் செய்யும், நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். அவருக்கும் சொல்லுங்கள்: அதே சாப்பாட்டைப் பொழுதோடு சாப்பிடுவதைவிட ராத்திரி நேரங்கழித்துச் சாப்பிட்டால் சர்க்கரை அதிகமாக ஏறும். ஏழு மணிக்கு வேலை செய்யும் இடத்திலேயே டப்பாவைத் திறந்து முக்கால்வாசிச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளட்டும், வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் போதும்.