‘ஜிசெல்’ பாலேயைத் தப்பு மேளத்தோடு மேடையேற்றலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் நடன ஆசிரியையாக இருக்கிறேன். பரதம் பயின்ற 12 மாணவிகளை வைத்து ‘ஜிசெல்’ பாலேயை நவீன நடனமாகச் செய்ய ஆசை. ஒலிப்பதிவு வேண்டாம், தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர்களும் ஒரு வயலினும் போதும் என்று நினைக்கிறேன். கதையை எவ்வளவு தூரம் மாற்றலாம்? ஆட்டத்தையும் நேரடி இசையையும் எப்படி இணைப்பது? மார்ச்சில் பாடசாலை மண்டபத்தில் போட உத்தேசம்.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ‘ஜிசெல்’ 1841 ஜூன் 28இல் பாரிஸில் அரங்கேறியது. இசையமைத்த அடோல்ஃப் ஆடம் 1856இல் இறந்துவிட்டார்; அவர் மெட்டுகளை எடுத்தாள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கதையை மாற்றியவர்களும் நிறையப் பேர். நடன அமைப்பாளர் மாட்ஸ் ஏக் 1982இல் இரண்டாம் பாகத்தை மனநல மருத்துவமனைக்குள் கொண்டுபோனார், ஆனால் ஆடமின் இசையைத் தொடவில்லை. இன்னொரு நடன அமைப்பாளர் அக்ரம் கான் 2016இல் நாயகி ஜிசெலைத் தொழிற்சாலை வேலை பறிபோன ஆடைத் தொழிலாளியாக்கினார். பழைய இசையின் சாயலோடு புதிய இசையை வின்சென்சோ லமான்யா எழுதினார். மூலத்தில் தன்னை ஏமாற்றிய காதலனை ஜிசெல் மன்னித்துவிடுவாள்; தென்னாபிரிக்காவின் டாடா மசிலோ இன்னும் ஒரு படி மேலே போய், அவள் மன்னிக்கவே மாட்டாள் என்று முடித்துவிட்டார். உங்கள் மாணவிகளும் அந்த முடிவைத்தான் கேட்பார்கள் என்பது என் ஊகம்.

கதையில் விடக்கூடாதவை மூன்று: பெயரை மறைத்து வந்து காதலிக்கும் பெரிய இடத்துப் பையன், உண்மை தெரிந்ததும் அவளுக்குப் புத்தி பேதலிக்கும் காட்சி, ஏமாற்றப்பட்டு இறந்த பெண்கள் இரவில் எழுந்து ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கும் இரண்டாம் பாகம். மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். மூலத்தில் முதல் பாகம் திராட்சை அறுவடைக் காலத்தில் நடக்கிறது. உடனே கொழுந்துக் கூடையும் சிரித்த முகமுமாக ஒரு ‘தேயிலை நடனம்’ போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், அந்த நடனத்தைச் சுற்றுலா ஹோட்டல்களில் போதுமான அளவு ஆடியாகிவிட்டது. பையனை வெள்ளைக்காரத் துரையாக்குவதும் அப்படித்தான், யாரையும் உறுத்தாது. கொழும்பிலிருந்து பொய்ப் பெயரோடு வருகிற ஒருவன் என்றால் சபையில் இருக்கிற தாய்மார் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கூடையை விட்டுவிட்டு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைச் செடி வரிசையில் நிரை பிடித்து நிற்பது, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவது, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிவது. முதல் பாகத்தில் இதைச் சாதாரண வேகத்தில் செய்யட்டும். மூலத்தின் இரண்டாம் பாகத்தில் ஆவிப்பெண்கள் இரண்டு வரிசையாக ஒருவரையொருவர் ஊடறுத்துப் போகும் புகழ்பெற்ற கட்டம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் அதே நிரை, அதே கை, ஆனால் மிக மெதுவாக, கிள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல். பாலேக்காரர்கள் எடையே இல்லாததுபோல் மிதப்பார்கள். பரதம் படித்த பிள்ளைகளை அப்படி மிதக்கச் சொல்லாதீர்கள். முழங்காலை மடித்த அரைமண்டியில் பாரத்தை நிலத்துக்கு இறக்கி ஆடட்டும். மண்ணுக்குள்ளிருந்து வருபவர்களுக்கு அது பொருத்தம்தான். மண்டபத்துத் தரை சீமெந்து என்றால் குதிப்பதையும் குறைத்துவிடுங்கள், முழங்காலுக்குக் கீழே வலி பிடித்துக்கொள்ளும்.

இப்போது இசை. ஆடம் செய்த கெட்டிக்காரத்தனம், காதல் காட்சியில் வந்த மெட்டைப் பேதலிக்கும் காட்சியில் துண்டு துண்டாகத் திரும்பக் கொண்டுவந்தது. ஜிசெல் பூவிதழ்களைப் பிய்த்து ‘விரும்புகிறானா, இல்லையா’ என்று பார்ப்பாளே, அந்த மெட்டுத்தான். அதை வயலினுக்குக் கொடுங்கள். பேதலிக்கும்போது வயலின் பாதியில் நிற்கட்டும், மீதியை அவள் உடம்பு ஆடி முடிக்கட்டும். தப்பு அங்கே கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்.

இணைப்பதற்கு ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள்: கூட்டமாக ஆடும்போது தப்பு சொல்வதை ஆட்டம் கேட்கும், ஜிசெல் தனியாக ஆடும்போது அவள் சொல்வதைத் தப்பு கேட்கும். அதற்குத் தப்புக்காரர்கள் அவள் காலைப் பார்க்கக்கூடிய இடத்தில், மேடையிலேயே இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் உட்காரவைத்தால் எல்லாம் கெட்டது. எட்டு எட்டாக எண்ணிக்கொண்டு அவர்களிடம் போகாதீர்கள். மாசியில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் ரதி மதனுக்கு அடிக்கும்போது அவர்கள் எண்ணுவதில்லை, ஆட்டக்காரரைப் பார்த்து அடிக்கிறார்கள். முதல் ஒத்திகையிலிருந்தே ஒருவராவது வரவேண்டும். கடைசி வாரத்தில் வந்து சேரும் இசை, என்னதான் நேரடியாக வாசித்தாலும், ஒலிப்பதிவு மாதிரித்தான் இருக்கும்.

முடிவுக்கு ஒரு யோசனை. மூலத்தில் விடியற்கால மணியோசை கேட்டதும் ஆவிகளின் பலம் போய்விடும், அவன் பிழைப்பான். தோட்டத்தில் விடியலைச் சொன்னது பெரட்டுத் தப்பு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிட அடித்த தப்பு. மணிக்குப் பதில் அதை அடித்தால், அவனைக் காப்பாற்றுகிற அதே சத்தம் அந்தப் பெண்களை மறுபடி வேலைக்குக் கூப்பிடுகிறது. செத்த பிறகும் நிரைக்குத் திரும்புகிறார்கள். மன்னிப்பதா வேண்டாமா என்று பிள்ளைகளோடு வாதாடுவதைவிட இது வலுவான முடிவு என்பேன்.

‘சாவுக்கு அடிக்கிற தப்பு பாடசாலை மேடையிலா?’ என்று யாராவது முகம் சுளிப்பார்கள். அது சாதிப் பேச்சு என்று உங்களுக்கும் தெரியும், அதிபருக்கும் தெரியும். நிகழ்ச்சித்தாளில் கலைஞர்களின் பெயரை மாணவிகளின் பெயர் அளவிலேயே அச்சிடுங்கள், சம்பளத்தைப் பேசிக் கொடுங்கள். எந்த அடியை மண்டபத்துக்குள் அடிக்கலாம், எதை அடிக்கக்கூடாது என்பதை மட்டும் அவர்களே தீர்மானிக்கட்டும்.

பனியில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கிவிடும். மண்டபத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி, இரண்டு தப்பை மாற்றி மாற்றிக் காய்ச்சி எடுங்கள். உள்ளே தணல்சட்டி வைக்க வேண்டாம்.

அப்புறம், மார்ச் சரிவராது. மாசியில் கலைஞர்கள் காமன் கூத்துக்குப் போய்விடுவார்கள், ஒத்திகைக்குக் கிடைக்க மாட்டார்கள். புது வருட விடுமுறை முடிந்து மே முற்பகுதிக்குள், தென்மேற்குப் பருவமழைக்கு முன், ஒரு காலை வேளையில் போடுங்கள். அந்த நாட்களில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்; தகரக் கூரையில் மழை விழுந்தால் வயலின் ஒருவர் காதிலும் விழாது.