இந்த வாரம் என்ன வருகிறதோ அது

சென்ற இதழில், இஸ்ரேலில் ஆறு வருஷம் ஒரு பாட்டியம்மாவைக் கவனித்துக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். பெயெர்செபாவுக்குப் பக்கத்தில் நெவாதிம் என்று ஒரு ஊர். 1950களில் கொச்சியிலிருந்து போன யூதர்கள் குடியேறிய இடம். நான் மார்த்தாண்டத்துக்காரி. பாட்டியின் பழைய மலையாளமும் என் தமிழும் ஒரே வாரத்தில் ஒத்துப்போய்விட்டன. எபிரெய மொழியில் பாட்டிக்கு ‘சவ்தா’ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சமையல் முடிந்ததும் சவ்தா என்னை எதிரே உட்காரவைத்து, தோராவின் அந்த வாரப் பகுதியை என் தமிழ் வேதாகமத்தில் வாசிக்கச் சொல்வார் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிக்குத்தான் இத்தனை கடிதம்.

ஒரே புத்தகத்தை வருஷா வருஷம் வாசிப்பார்களாமே, அலுக்காதா? (நாகர்கோவில் வாசகி)

தோரா என்பது ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து புத்தகங்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குப் பராஷா என்று பெயர். சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் ஏழு பேரை ஒருவர்பின் ஒருவராக மேலே அழைத்து அதை வாசிப்பார்கள். அச்சுப் புத்தகம் கூடாது, தோலில் கையால் எழுதிய சுருள்தான். அதில் உயிர்க்குறி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. உச்சரிப்பும் ராகமும் வாசிப்பவர் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். ஒரு சொல் பிசகினால் போதும், அதுவரை தூங்கிக்கொண்டிருப்பதாக நாம் நினைத்த தாத்தா ஒருவர் கண்ணைத் திறக்காமலே சத்தமாகத் திருத்துவார். வாசிப்பவர் மறுபேச்சுப் பேசாமல் அந்தச் சொல்லுக்குத் திரும்புவார்.

கூடாரப் பண்டிகைக்கு அடுத்து சிம்ஹத் தோரா வரும். அன்றைக்கு உபாகமத்தின் கடைசியை வாசிப்பார்கள். நாற்பது வருஷம் நடந்த மோசே, யோர்தானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு மலைமேல் செத்துப்போகிறான். அழ அவகாசமே கிடையாது. அடுத்த சுருளைத் திறந்து, ஆதியாகமத்தின் முதல் வரியை ‘ஆதியிலே’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அலுப்பா? எனக்கு அலுத்தது. யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்துக்கு, அதாவது வனாந்தரத்தில் கடவுளுக்கென்று போட்ட கூடாரத்துக்கு, பலகை எத்தனை, கொக்கி எத்தனை, திரை எத்தனை முழம் என்று பக்கம் பக்கமாக வரும். மூன்று வாரம் கழித்து அத்தனையும் மறுபடி வரும். “போன மாசம்தானே சவ்தா இதே திரையை அளந்தோம்?” என்றேன். “தினமும் எனக்கு பிரஷர் பார்க்கிறாயே, நேற்றுத்தானே பார்த்தாய்?” என்றார்.

எங்களைப் போன்றவர்கள் எந்தப் பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஆன்மிகமாக ஆழம் உள்ளதாகச் சொல்லவும். (திருச்சி வாசகர்)

இந்த வாரம் என்ன வருகிறதோ அதிலிருந்து. நான் கற்றுக்கொண்டதே அவ்வளவுதான். பிடித்ததைத் தேடி வாசித்தால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையேதான் திரும்பத் திரும்ப வாசிப்போம். வார முறையில் அந்த வசதி இல்லை. உங்களுக்குப் பிடிக்காத அத்தியாயமும் தன் வாரத்தில் வந்து நிற்கும்.

எனக்குப் பிடிக்காதது லேவியராகமம் 13, 14. தோலில் வெள்ளைத் தடிப்பு, ஆசாரியன் என்ற பூசாரி வந்து பார்ப்பது, ஏழு நாள் அடைத்து வைப்பது, பாளயத்துக்கு வெளியே தள்ளுவது. நம் வேதாகமத்தில் குஷ்டரோகம் என்று போட்டிருக்கிறது. ஆனால் அதே அத்தியாயங்களில் அது துணியிலும் வீட்டுச் சுவரிலும் வருகிறது, ஆகவே நாம் சொல்லும் தொழுநோய் அது இல்லை. எங்கள் ஊரில் நான் எந்தப் பிரசங்கத்திலும் இதைக் கேட்டதில்லை. கோடை தொடங்கும் நேரத்தில், நம் சித்திரையை ஒட்டி, இந்தப் பகுதி வரும்.

நான் போன இரண்டாவது வருஷம். அந்த வாரம்தான் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். என்னைப் போலவே ஒரு வீட்டில் வேலை பார்த்த பெண் வேறு இடம் தேடுகிறாள் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டதை, போனில் இன்னொருத்தியிடம் சொல்லிவைத்தேன். அது சுற்றிச் சுற்றி அவள் வேலை செய்த வீட்டுக்கே போய், அவர்கள் அவளுக்குப் பதில் ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

சவ்தாவுக்கு இது தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி. “மோளே, அவனை ஏன் தனியாக உட்காரவைக்கிறார்கள்?” தொற்றுக்குப் பயந்து என்றேன். இல்லையாம். இந்த நோய் புறம்பேசுகிறவனுக்கு வருவது என்று அவர்களுடைய பழைய ரபீக்கள், அதாவது வேத ஆசான்கள், சொல்லியிருக்கிறார்கள். அவன் பேச்சு புருஷனையும் பெண்சாதியையும் பிரித்தது, சிநேகிதனையும் சிநேகிதனையும் பிரித்தது. அதனால் அவனும் பிரிந்து உட்காரட்டும். குணமானவனின் சுத்திகரிப்புச் சடங்குக்கு ஏன் இரண்டு பறவைகள் கேட்கிறது? ஓயாமல் பேசிய வாய்க்கு, ஓயாமல் கீச்சிடுகிற பிராணி.

எனக்கு முகம் எரிந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வியாதியைத் தண்டனை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. படுக்கையில் கிடக்கிறவர்களைத் துடைத்துவிட்டுச் சம்பாதித்தவள் நான், அவர்களில் யார் என்ன பாவம் செய்தார்கள்? இதைச் சவ்தாவிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பதினாலாம் அத்தியாயத்தின் ஆரம்பத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். குணமானதா என்று பார்க்க அந்த மனிதன் உள்ளே வரமுடியாது. ஆசாரியன்தான் பாளயத்தை விட்டு வெளியே, அவன் இருக்கும் இடத்துக்கு நடந்து போகவேண்டும். அத்தனை வருஷம் வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தும் அந்த நடையை நான் கவனித்ததே இல்லை.

பரிசுத்தவான்களைக் குறைசொல்லிப் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அது முறையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி)

குறை என்பதைவிட, நுணுக்கிப் பார்ப்பார்கள் ஐயா. ‘நோவா தன் காலத்தில் இருந்தவர்களுக்குள்ளே நீதிமான்’ என்று இருக்கிறதல்லவா? பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ராஷி என்ற உரைகாரர் இங்கே இரண்டு கருத்துகளை எடுத்துவைக்கிறார். அவ்வளவு கெட்டவர்கள் நடுவிலேயே நல்லவனாக இருந்தவன் நல்லவர்கள் நடுவில் இன்னும் உயர்ந்திருப்பான் என்பது ஒன்று. அந்தக் கூட்டத்தில்தான் அவன் நீதிமான், ஆபிரகாம் காலத்தில் இருந்திருந்தால் ஒரு பொருட்டாக இருந்திருக்கமாட்டான் என்பது மற்றொன்று. சவ்தா இரண்டாவது கட்சி. “கப்பல் செய்யச் சொன்னால் செய்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்காக ஒரு வார்த்தை கேட்டானா? ஆபிரகாம் அழியப்போகிற சோதோம் ஊருக்காகக் கடவுளிடமே பேரம் பேசினான்” என்பார். வருஷா வருஷம் அதே கோபம்.

உங்களை மதம் மாறச் சொன்னார்களா? (பெயர் வேண்டாம் என்றவர்)

இல்லை. அவர்களாக யாரையும் இழுப்பதில்லை. தேடிப் போகிறவர்களையே முதலில் தயங்கவைப்பார்கள். நான் யூதப் பெண் இல்லை என்பது வீட்டுக்கு ஒரு விதத்தில் உதவி. ஓய்வுநாளில் அவர்கள் விளக்கு சுவிட்சைத் தொடமாட்டார்கள், பிறரிடம் போடு என்றும் நேராகச் சொல்லமாட்டார்கள். சவ்தா புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய், “இந்த எழுத்தெல்லாம் இன்றைக்கு எங்கே போயிற்று?” என்பார். நான் எழுந்துபோய் விளக்கைப் போடுவேன்.

பண்டிகைகளில் உங்கள் மனதில் நின்றது எது? (பெங்களூரு வாசகி)

சுக்கோத், அதாவது கூடாரப் பண்டிகை. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, வீட்டை விட்டு ஏழு நாள் குடிசையில் உட்காரவேண்டும். பேரன்கள் முற்றத்தில் இரும்புக் குழாய் நட்டு, துணி கட்டி, மேலே பேரீச்சை ஓலை பரப்புவார்கள். கொச்சியில் தென்னோலை போடுவோம் என்று சவ்தா ஒவ்வொரு தடவையும் சொல்வார். வெயிலைவிட நிழல் கூடுதலாக விழவேண்டும். ஆனால் மரத்தடியிலோ மாடி நீட்டலுக்குக் கீழேயோ போடக்கூடாது, ஓலைக்கு மேலே வானம்தான் இருக்கவேண்டும்.

முதல் வருஷம் சக்கர நாற்காலி மணலில் புதைந்துகொண்டது. இரண்டு பேர் தூக்கி வைத்தோம். இந்த உடம்போடு இது தேவையா என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அப்போது சொன்னார்: மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பில், கி.பி. 200 வாக்கில் தொகுத்தது, இந்தக் குடிசையைப் பற்றி ஒரு விதி உண்டு. நோயாளிக்கு விலக்கு. நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் விலக்கு.

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. எந்த வேதப் புத்தகத்திலாவது என் வேலை வரும் என்று நான் நினைத்ததில்லை. மழை விஷயத்திலும் அந்த மிஷ்னாவுக்குச் சமையற்கட்டுப் புத்தி இருக்கிறது: கூழ் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் உள்ளே போகலாமாம். நெவாதிமில் நான் இருந்த ஆறு சுக்கோத்திலும் ஒரு தூறல்கூட விழவில்லை. விலக்கு இருந்தும் சவ்தா ஆறு தடவையும் வெளியேதான் உட்கார்ந்தார்.

பஸ்கா என்பது எகிப்தியர் செத்ததைக் கொண்டாடுவதுதானே? அதில் என்ன பாடம்? (மதுரை வாசகர்)

பஸ்கா, எகிப்தில் அடிமையாக இருந்து வெளியே வந்ததை நினைக்கும் பண்டிகை. ஒரு பஸ்காவுக்குச் சவ்தாவின் பேத்தியின் மாமியார் வீட்டுக்குப் போனோம். அவர்கள் போலந்து வழி, பஸ்கா வாரத்தில் அரிசி தொடமாட்டார்கள். கொச்சிக்காரர்கள் சாப்பிடுவார்கள். “சோறில்லாமல் என்ன பண்டிகை” என்று சவ்தா இரவெல்லாம் மலையாளத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி புலம்பினார்.

அந்த வீட்டில் பார்த்தது இது. இரத்தம், தவளை, பேன் என்று பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் விரலைத் திராட்சரசத்தில் தோய்த்துத் தட்டில் ஒரு சொட்டு வைத்தார்கள். எதிரி பட்ட பாட்டுக்காக நம் கிண்ணம் குறையவேண்டும் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். மிஷ்னாவுக்கு விரிவுரையாக வந்த தல்மூதில் ஒரு கதை உண்டு. செங்கடலில் எகிப்தியர் மூழ்கும்போது தேவதூதர்கள் பாடப் போனார்களாம். “என் கைவேலை கடலில் மூழ்குகிறது, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா?” என்று கடவுள் கேட்டாராம்.

இவ்வளவு தெரிந்தவர்கள் போரில் ஏன் இப்படி என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். அந்த மேஜையிலேயே அது எழுந்தது. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த பேரனிடம் அவன் அக்கா, தட்டிலிருந்த சொட்டுகளைக் காட்டி காசாவைப் பற்றி ஏதோ கேட்டாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வாசிக்கிறவர்கள் எல்லாரும் அதன்படி நடப்பதில்லை. எங்கள் சர்ச்சிலும் அப்படித்தான். அன்று தட்டு கழுவியது நான். சிவப்புப் பொட்டுகள் காய்ந்து ஒட்டியிருந்தன. எண்ணத் தவறியவர்கள் தட்டில் பதினொன்று இருந்தது.

எல்லாம் சரி. நீங்கள் திருந்தினீர்களா? (கோயம்புத்தூர் வாசகர்)

நியாயமான கேள்வி. யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாள் நம் புரட்டாசியை ஒட்டி வரும். அந்த நாள் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளதைத்தான் தீர்க்கும். சக மனிதனுக்குச் செய்ததை அவனிடமே போய்த்தான் தீர்க்கவேண்டும். மறுத்தால் மூன்று தடவை வரை கேட்கவேண்டும் என்று வழக்கம்.

அந்த வருஷம் உபவாசத்துக்கு முந்தின சாயங்காலம் சவ்தா என்னைக் கூப்பிட்டு, “குளிக்கும்போது உன்மேல் கத்தினேன், மன்னித்துவிடு” என்றார். எண்பத்துமூன்று வயது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, போர்வையை இழுத்துவிட்டேன்.

அப்புறம் அடுக்களைக்குப் போய் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். சித்திரையில் வாசித்தது, கூப்பிடப் புரட்டாசி ஆகிவிட்டது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை துண்டித்தாள். மூன்றாவது தடவை எடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள், “அக்கா, உங்க சவ்தாவுக்கு ஏதாவது ஆயிருச்சா?” என்றாள்.