வாசகர் கேள்வி பதில்: பெருவெடிப்பு எந்த இடத்துல நடந்துச்சு?

கேள்வி: விண்வெளி எங்க சார் ஆரம்பிக்குது? கோடு ஏதாச்சும் இருக்கா?
(வாசகர், திண்டிவனம்)

கோடு இருக்கு, ஆனா அது மனுஷன் தன் வசதிக்குப் போட்டுக்கிட்டது. தரையிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்த கார்மன் கோடுன்னு சொல்றாங்க, அமெரிக்காவுல 80 கிலோமீட்டர் தாண்டினாலே விண்வெளிக்குப் போனவர்னு ஒத்துக்கிறாங்க. உங்க ஊர்லேர்ந்து சென்னைக்கு பஸ்ல வர்ற தூரம் இதவிட ஜாஸ்தி. காத்து அந்தக் கோட்டோட டக்குனு நின்னுடாது, மேல போகப்போக கொறஞ்சுக்கிட்டே போகும், சுமார் 400 கிலோமீட்டர்ல சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்தகூட அந்த மிச்சம் மீதி காத்து உரசி உரசி கீழ எறக்கிக்கிட்டே இருக்கு, அப்பப்போ எஞ்சின ஓட்டி அத மேல தள்ளி விட்டாகணும். இன்னொன்னு, அங்க ஈர்ப்பு விசையே கிடையாதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. தரையில இருக்கிறதுல 90 சதவீதம் அங்கயும் இருக்கு. நிலையமும் உள்ள இருக்கிறவங்களும் ஒன்னாவே பூமியச் சுத்தி விழுந்துக்கிட்டே இருக்கறதாலதான் மெதக்கறாங்க.

கேள்வி: அதுக்கும் மேல போனா ஒன்னுமே இல்லாத வெறும் சூனியம்தானே?
(வாசகி, தேனி)

இல்லம்மா. நாம மூச்சு விடுற காத்துல ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தா, அதாவது ஒரு சுண்டு விரல் நுனி அளவு, 25-க்குப் பின்னாடி 18 சைபர் போடணும், அத்தன மூலக்கூறு இருக்கும். பூமிய விட்டு வெளிய வந்து, கிரகங்களுக்கு நடுவுல அதே அளவு எடத்த எடுத்தா சூரியன்லேர்ந்து அடிச்சுக்கிட்டு வர்ற துகள் அஞ்சோ பத்தோ கெடைக்கும். நட்சத்திரங்களுக்கு நடுவுல சராசரியா ஒன்னு. கேலக்ஸிகளுக்கு, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டங்களுக்கு நடுவுல போனா ஒரு கன மீட்டர் முழுக்கத் தேடினாலும் ஒரு அணு கெடைக்கறதே பெருசு. நம்ம ஊர் ஃபேக்டரியில எந்த பம்ப் வச்சு உறிஞ்சினாலும் அந்த மாதிரி வெற்றிடம் வராது.

ஆனா அணுவ மட்டும் எண்ணினா கணக்கு தப்பாயிடும். விண்வெளியில எந்த மூலையிலயும், சுண்டு விரல் நுனி அளவு எடத்துல, சராசரியா 400 ஒளித்துகள் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கு, அதுவும் எந்த நட்சத்திரத்துலேர்ந்தும் வந்ததில்ல, பிரபஞ்சம் பொறந்த காலத்துலேர்ந்து மிச்சம் இருக்கிற வெளிச்சம். அத பத்தி கீழ சொல்றேன்.

கேள்வி: பெருவெடிப்பு நடந்துச்சுன்னு சொல்றீங்களே, எந்த இடத்துல நடந்துச்சு? அந்த இடத்துக்கு இப்ப போக முடியுமா?
(பிளஸ் டூ மாணவர், கரூர்)

தம்பி, இத்தன வருஷமா வர்ற கேள்விகள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. பெருவெடிப்புன்னு (பிக் பேங்) சொல்றது பிரபஞ்சம் விரிய ஆரம்பிச்ச அந்தத் தொடக்கத்த. ஆனா வெடிப்புன்னு கேட்டதும் நம்ம மனசுல என்ன வருதுன்னா, இருட்டா ஒரு பெரிய காலி இடம், அதுக்கு நடுவுல ஒரு குண்டு வெடிக்குது, துண்டு துண்டா எல்லாப் பக்கமும் பறக்குது. அந்தப் படத்த மனசுலேர்ந்து அழிச்சிடுங்க. அப்படி ஒரு காலி இடம் வெளியில காத்துக்கிட்டு இருக்கல, இடமே அப்போதான் விரிய ஆரம்பிச்சுது. நம்ம கண்ணுக்கு எட்டுற பிரபஞ்சம் மொத்தமும் அன்னிக்கு ஒரு புள்ளிக்குள்ள நெருக்கியடிச்சு இருந்துச்சு, கரூரும் அதுக்குள்ளதான், ரொம்ப தூரத்து கேலக்ஸியும் அதுக்குள்ளதான். அதனால எந்த இடத்துல நடந்துச்சுன்னு கேட்டா எல்லா இடத்துலயும்னுதான் பதில், நீங்க உக்காந்து படிக்கிற இடத்துலயும்தான்.

காஞ்சிபுரம் இட்லி மாவுல மிளகு போடுவாங்கல்ல, மாவு பொங்கி வரும்போது ஒவ்வொரு மிளகும் மத்த மிளகெல்லாம் தன்ன விட்டு வெலகிப் போறதாத்தான் பாக்கும், பக்கத்து மிளகு மெதுவா, தூரத்து மிளகு வேகமா. மிளகு நீந்திப் போகல, நடுவுல இருக்கிற மாவுதான் பெருக்குது. கேலக்ஸிகளும் அப்படித்தான் வெலகுது. என்ன ஒன்னு, இந்த மாவுக்குப் பாத்திரமும் கிடையாது, நடு மையமும் கிடையாது.

இத மொதல்ல கணக்குப் போட்டு 1927-ல எழுதினவங்கள்ல ஒருத்தர் பெல்ஜியத்து கத்தோலிக்கப் பாதிரியார், ஜார்ஜ் லெமெய்த்ர்னு பேரு. ரெண்டு வருஷம் கழிச்சு 1929-ல கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன் டெலஸ்கோப்ப வச்சு வானியலாளர் எட்வின் ஹப்பிள் கேலக்ஸிகளோட தூரத்தயும் வேகத்தயும் ஒப்பிட்டு, தூரம் கூடக்கூட வெலகுற வேகமும் கூடுதுன்னு காட்டினார். இந்த விரிவ பின்னாடி ஓட்டிப் பாத்தா 1380 கோடி வருஷத்துக்கு முன்னாடி போய் நிக்குது.

கேள்வி: யாரு சார் பார்த்தா? எல்லாம் ஊகம்தானே?
(வாசகர், தூத்துக்குடி)

பாத்தாங்க சார், இன்னிக்கும் பாத்துக்கிட்டு இருக்காங்க. 1964-ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி பக்கம் ஹோம்டெல்னு ஒரு ஊர்ல, பெல் லேப்ஸ் கம்பெனியோட கொம்பு வடிவ ரேடியோ ஆன்டெனா ஒன்னு, வாய் மட்டுமே 20 அடி. அதுல வேல பாத்த ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ரெண்டு பேருக்கும் ஒரு இரைச்சல் விடாம கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நியூயார்க் சிட்டி பக்கம் திருப்பிப் பாத்தாங்க, அதே அளவு. பகல், ராத்திரி, வெயில் காலம், குளிர் காலம், எப்பவும் அதே அளவு. உள்ள ஒரு ஜோடி புறா கூடு கட்டி எச்சம் போட்டு வச்சிருந்துச்சு, அதுதான் காரணமோன்னு புறாவப் புடிச்சு தூரத்துல விட்டா அது திரும்பி வந்துடுச்சு, எச்சத்த எல்லாம் சொரண்டி சுத்தம் பண்ணாங்க, மூட்டு மூட்டா அலுமினிய டேப் ஒட்டினாங்க. இரைச்சல் போகல. 60 கிலோமீட்டர் பக்கத்துல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல இயற்பியலாளர் ராபர்ட் டிக்கியோட குழு இதே இரைச்சலத் தேடித்தான் கருவி கட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 1965-ல ரெண்டு பக்கமும் கட்டுரை வெளியிட்டாங்க, 1978-ல பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் நோபல்.

அந்த இரைச்சல்தான் நான் மேல சொன்ன பழைய வெளிச்சம். ஆரம்பத்துல பிரபஞ்சம் பயங்கர சூடு, ஒளி நேரா போகவே முடியாம எலக்ட்ரான்கள்ல முட்டி முட்டிக் கெடந்துச்சு. 3,80,000 வருஷம் ஆகி சுமார் 3000 டிகிரிக்கு ஆறினதும் அணுக்கள் சேர்ந்துச்சு, வழி தொறந்துச்சு, ஒளி கெளம்பிடுச்சு. அதுக்கப்புறம் இடம் 1100 மடங்கு விரிஞ்சதுல அந்த ஒளியோட அலையும் அவ்வளவு நீண்டு மைக்ரோவேவ் ஆயிடுச்சு, இப்ப அதோட வெப்பநிலை மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். பழைய ஆன்டெனா டிவியில சேனல் வராதப்போ புள்ளி புள்ளியா ஓடுமே, அதுலயும் ஒரு சின்னப் பங்கு இதுதான். ஊகத்த இப்படி அளந்து பாக்க முடியாது சார்.

கேள்வி: பெருவெடிப்புக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?
(வாசகி, சேலம்)

நிரூபணமான பதில் இன்னிக்கு யார்கிட்டயும் இல்ல. அந்த மொதல் கணத்துல ஐன்ஸ்டீனோட ஈர்ப்புக் கணக்கும், அணு மாதிரி ரொம்பச் சின்ன விஷயங்களுக்கான குவாண்டம் கணக்கும் ஒன்னோட ஒன்னு ஒத்துப் போகல, அத சேர்த்து வைக்கிற கோட்பாடு வந்தாத்தான் இதப் பேச முடியும். யாராவது உறுதியா பதில் சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: எல்லாம் விரியுதுன்னா நம்ம பூமி, வீடு, நாமளும் விரியறோமா?
(வாசகர், மதுரை)

இல்லங்க. உங்க உடம்ப அணுக்களுக்கு நடுவுல இருக்கிற மின் விசை இறுக்கிப் புடிச்சிருக்கு, பூமியயும் சூரிய குடும்பத்தயும் நம்ம கேலக்ஸியான பால்வீதியயும் ஈர்ப்பு புடிச்சிருக்கு. விரிவு ஜெயிக்கறது கேலக்ஸிக் கூட்டங்களுக்கு நடுவுல இருக்கிற ரொம்பப் பெரிய தூரத்துலதான், அந்த விரிவு வேகமாயிக்கிட்டே போகுதுன்னும் 1998-ல கண்டுபிடிச்சாங்க. பக்கத்துல இருக்கிற ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வெலகவே இல்ல, வினாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்துல நம்மள நோக்கி வந்துக்கிட்டு இருக்கு, நடுவுல 25 லட்சம் ஒளியாண்டு தூரம் (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு). கண்ணாலயே பாக்கலாம்ங்க. ஐப்பசி கார்த்திகையில மேகம் விடாது, அதனால ஜனவரி மாசம் நிலா இல்லாத நாளா பாத்து, ஊர் லைட்ட விட்டு வெளிய போய், நல்லா இருட்டினதும் வடமேற்குல தூக்கலா பாருங்க, மங்கலா நீளமா ஒரு திட்டு தெரியும், பைனாகுலர் இருந்தா இன்னும் சுலபம்.