எலெக்ட்ரான் வீட்டுக்கு வந்து சேர்வதே இல்லை என்றால் கரண்ட் பில் எதற்கு?

ஏசி மின்சாரத்தில் எலெக்ட்ரான்கள் கம்பிக்குள் முன்னும் பின்னும் ஆடுகின்றன, வீட்டுக்குள் எதுவும் வந்து தங்குவதில்லை, அப்படியிருக்க யூனிட் கணக்கில் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த முறை பில் கூடுதலாக வந்திருக்கும், அந்தக் கோபத்தில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்வதில் முதல் பாதி முழுக்கச் சரி. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் தவறு.

நான் கோவைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் டிரேடு படித்தவன். பிசிக்ஸ் பட்டம் இல்லாதவன் எலெக்ட்ரானைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று கமெண்ட் போட வருகிறவர்கள் முழுதும் படித்துவிட்டு வாருங்கள். காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் உண்டாகும் என்று ஃபாரடே 1831இல் கண்டுபிடித்ததை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அதை மதிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

முதலில் அந்த ஆட்டம் எவ்வளவு சின்னது என்று பார்த்துவிடலாம். ஒரு கன மில்லிமீட்டர் செம்பில் சுதந்திரமாகத் திரியும் எலெக்ட்ரான்கள் 85க்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வரும் அளவுக்கு இருக்கின்றன. கூட்டம் இவ்வளவு பெரிது என்பதால் ஒவ்வொன்றும் துளி நகர்ந்தாலே போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 7 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது டிசியாக, அதாவது ஒரே பக்கமாக ஓடும் கரண்டாக இருந்தால் எலெக்ட்ரான் கூட்டம் ஒரு நொடிக்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர் நகரும், மணிக்கு முக்கால் மீட்டர் கூட இல்லை. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் ஏசியில் நொடிக்கு 50 தடவை போய்த் திரும்புவதால், அது ஆடும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐநூறில் ஒரு பங்குதான். மின்நிலையத்து எலெக்ட்ரான் உங்கள் வீட்டுக்கு என்றைக்குமே வராது. உங்கள் வீட்டுக் கம்பியில் ஆடுபவை, கம்பி வாங்கிய அன்றே அதற்குள் இருந்தவை. அவற்றுக்குக் கடைக்காரரிடம் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள்.

ஆசாரியின் ரம்பமும் முன்னும் பின்னும்தான் போகிறது. அறுத்து முடித்தபின் ரம்பப் பல் எதுவும் உங்களிடம் தங்குவதில்லை. அறுத்த மரத்துக்குக் கூலி கொடுக்கிறீர்கள். மின்சாரத்திலும் அந்த வேலைக்குத்தான் காசு. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல்.

(கம்பிக்குள் எலெக்ட்ரான் தள்ளுவதால் ஆற்றல் வருவதில்லை, கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும்தான் அதைக் கொண்டுவருகின்றன, 1884இல் போய்ன்டிங் சொல்லிவிட்டார் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. கேட்டவர் பில்லைப் பற்றிக் கேட்டார்.)

இந்தக் கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், இதே கேள்வி என் பட்டறை வாசலில் ஒரு சண்டையாகவே வந்தது. லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு பெரியவருக்கு ஒரு குதிரைத்திறன் சிங்கிள் பேஸ் மோட்டார் எரிந்துபோய் நான் காயில் கட்டிக் கொடுத்திருந்தேன். அடுத்த பில் வந்ததும் நேராக வந்துவிட்டார். "என்ன தம்பி, காயில் கட்டிக் கொடுத்தீங்க, மோட்டார் கரண்டை அப்படிக் குடிக்குது! வயர்ல கை வெச்சிட்டீங்களா?" என்றார். கூட வந்த அவருடைய தங்கை மகன் இன்ஜினியரிங் படிப்பவன். "மாமா, கரண்டை எந்த மோட்டாரும் குடிக்க முடியாது. போனது அப்படியே திரும்பிரும். பில்லே சும்மாதான்" என்றான். ஒருவர் என் நேர்மையைச் சந்தேகப்பட்டார், இன்னொருவன் மீட்டரையே சந்தேகப்பட்டான். எனக்கு முதலாவதுதான் சுருக்கென்று தைத்தது.

கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். மோட்டாருக்குப் போகும் பேஸ் கம்பியை மட்டும் டாங்குக்குள் விட்டேன், 7 ஆம்பியர். திரும்பி வரும் நியூட்ரலை மட்டும் விட்டேன், அதே 7. இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டேன், சைபர். மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, தண்ணீர் மேலே ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் டெஸ்டர் சைபர் காட்டுகிறது. கரண்ட் போகும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது என்று 1820இல் அர்ஸ்டெட் காட்டினார். டாங் டெஸ்டர் அந்தக் காந்தப்புலத்தைத்தான் அளக்கிறது. போவதும் வருவதும் சமமாக இருந்தால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். ஆக, பையன் சொன்னது அதுவரை உண்மை. மோட்டார் ஒரு எலெக்ட்ரானைக்கூடத் தின்னவில்லை.

"அப்புறம் எதுக்குங்க காசு?" என்றார் பெரியவர். கேட் வால்வை மூடச் சொன்னேன். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்க, தண்ணீர் ஏறுவது நின்றது. ஆம்பியர் கொஞ்சம்தான் இறங்கியது. ஆனால் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு நன்றாகவே மெதுவானது. அந்த ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல். வேலை குறைந்தவுடன் சிமிட்டலும் குறைகிறது. காயிலில் காந்தப்புலத்தை உண்டாக்கப் போகிற கரண்ட் வோல்டேஜோடு ஒத்துப்போகாமல் பின்தங்கி வரும். அதில் எடுத்த ஆற்றல் அதே சுற்றில் திரும்பிப் போய்விடும், மீட்டர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மீட்டர் ஆம்பியரை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பையன் சொன்னதில் நியாயம் இருந்திருக்கும்.

பில் ஏறியதற்குக் காரணம் சக்‌ஷன் பைப் ஜாயின்ட். காற்று இழுத்து, தொட்டி நிறைய ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பர் வந்து சரி செய்தார். பெரியவர் அப்புறம் என்னிடம் எதுவும் பேசவில்லை. பையன்தான், "அண்ணா, அந்த சைபரை இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனான்.

உங்கள் சந்தேகம் ஒரு காலத்தில் நிஜமான தொழில் பிரச்சினையாகவே இருந்தது. 1882இல் நியூயார்க் பேர்ல் தெருவில் எடிசன் மின்நிலையம் தொடங்கினார். எலெக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல்தான், அதாவது எலெக்ட்ரான் என்ற ஒன்று இருப்பது தெரியும் முன்பே பில் வந்துவிட்டது. எடிசனின் மீட்டருக்குள் ஒரு கரைசலும் துத்தநாகத் தகடுகளும் இருந்தன. கரண்ட் போகப் போக ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொன்றில் படியும். ஆள் வந்து தகட்டை எடுத்துப்போய் எடை போட்டு பில் எழுதுவார்கள். அதாவது கடந்துபோன மின்னூட்டத்துக்கே காசு. டிசி, வோல்டேஜும் மாறாது, அதனால் அந்தக் கணக்கு செல்லுபடியானது. ஏசியில் அந்த மீட்டரை வைத்தால் படிந்த துத்தநாகம் அடுத்த நொடிப்பொழுதில் திரும்பிக் கரையும், எடை ஏறவே ஏறாது. நீங்கள் சொன்ன அதே சிக்கல்.

1889இல் புடாபெஸ்டில் கான்ஸ் தொழிற்சாலையின் ஒட்டோ பிளாதி ஏசிக்கு ஆற்றலையே அளக்கும் மீட்டர் செய்தார். நம் வீடுகளில் முன்பு இருந்த, அலுமினியத் தட்டு சுற்றும் மீட்டர் அந்த வம்சம்தான். பழைய மீட்டர் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்று உள்ள ஒரு காயில் வோல்டேஜுக்கு, தடித்த கம்பியில் நாலைந்து சுற்று உள்ள இன்னொன்று கரண்டுக்கு. இரண்டும் ஒத்துழைத்துத் தள்ளினால்தான் தட்டு வேகமாகச் சுற்றும். பெருக்கல் கணக்கை இரண்டு காயில்கள் செய்துவிடுகின்றன. காயில் கட்டுகிறவனாக, இதைவிட அழகான வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை.

அலுமினியம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீட்டர் தட்டில் அலுமினியம் சரி, மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டாரிலும் சரி. சுற்றாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரின் காயிலில் அலுமினியக் கம்பியைச் சுற்றி, அதைச் சொல்லாமல் விற்கிறார்களே, அது என்ன நியாயம்? செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதே தடிமனில் சுற்றினால் சூடு கூடும், சீக்கிரம் எரியும். எரிந்த மோட்டாரைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டினால், செம்பை நாங்கள்தான் உருவிக்கொண்டோம் என்று பட்டறைக்காரனைத் திருடனாக்குகிறார்கள். வாங்கும்போது காயில் செம்பா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். "வெறும் கம்பி சுத்தறதுக்கு இவ்வளவா" என்று எங்களிடம் பேரம் பேசும் அக்கறையில் கொஞ்சம் கடையிலும் காட்டலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். போன கரண்ட் திரும்பி வராத ஒரு சந்தர்ப்பம் உண்டு. பேஸில் போனதில் ஒரு பகுதி நியூட்ரலுக்கு வராமல், மோட்டார் பாடி வழியாகவோ அதைத் தொட்ட ஆள் வழியாகவோ தரைக்குப் போவது. அப்போது இரண்டு கம்பிகளையும் சேர்த்து அளந்தால் சைபர் வராது. ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் அந்த வித்தியாசத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போடுவது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர். அந்த அளவுக்குள்ளேயே லைனைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டில் அது இருந்தால் அதிலுள்ள 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அன்றைக்கே மாற்றுங்கள்.