ஏஐ நினைவில் வைப்பதும் நம் மூளை நினைவில் வைப்பதும் ஒன்றா?

கேள்வி: சாட்பாட்கள் இவ்வளவு விஷயங்களை நினைவில் வைத்திருக்கின்றனவே, நம் மூளையும் இதே முறையில்தான் வேலை செய்கிறதா?

பதில்: நினைவைத் திரும்பக் கொண்டுவரும் விதத்தில் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. புதிதாகப் பதியும் விதத்தில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

முதலில் கம்ப்யூட்டர் ஃபைல் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். ஃபைலைத் திறக்க அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். நமக்கு அது தேவையில்லை. ஒரு பாட்டின் முதல் இரண்டு சொல் காதில் விழுந்தால் மீதி தானாக வந்துவிடுகிறது. துண்டைக் கொடுத்தால் முழுசும் வரும் இந்த வகை நினைவுக்கு ஜான் ஹாப்ஃபீல்ட் 1982-இல் ஒரு கணித மாதிரி தந்தார். அது ஓர் எளிய நியூரல் நெட்வொர்க், அதாவது நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று இணைந்த ‘நியூரான்’களின் வலை. சாட்பாட்களும் நியூரல் நெட்வொர்க்குகளே. 2024-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை ஜெஃப்ரி ஹின்டனுடன் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். அந்த மாதிரியைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம்.

5 நியூரான்கள், ஒவ்வொன்றும் +1 அல்லது −1. பதிய வேண்டிய வடிவம்: +1, −1, +1, +1, −1. எந்த இரண்டு நியூரானை எடுத்தாலும், அவற்றின் மதிப்புகளைப் பெருக்கினால் வருவதுதான் அவற்றுக்கு இடையிலான இணைப்பின் எடை. சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் இணைப்பு வலுப்படும் என்று டொனால்ட் ஹெப் 1949-இல் முன்வைத்த கருத்தின் எளிய வடிவம் இது. இப்போது 3-ஆவது நியூரானை வேண்டுமென்றே −1 ஆக்கிக் கெடுங்கள். மற்ற நான்கிலிருந்து அதற்கு வரும் எடைகள் +1, −1, +1, −1. அந்த நான்கின் மதிப்புகளும் +1, −1, +1, −1. ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் +4. கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு மேல் இருப்பதால் 3-ஆவது நியூரான் +1-க்குத் திரும்பிவிடுகிறது. வடிவம் சரியாகிவிட்டது. இத்தனைக்கும் அந்த வடிவம் எந்த நியூரானிலும் தனியாக எழுதப்படவில்லை. 10 இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது. நினைவு என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று உளவியலாளர்கள் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி எங்கே சொதப்பும் என்பதையும் பார்த்தால்தான் மூளை ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்று புரியும். 5×5 கட்டத்தில் ‘ப’, ‘ட’ இரண்டையும் வரைந்து பதியுங்கள் (ஒவ்வொரு கட்டமும் ஒரு நியூரான்; நிரப்பிய கட்டம் +1, காலி −1). 25 கட்டங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் வலப்பக்கக் கோட்டின் 4 கட்டங்கள் மட்டும். அந்த நான்கில் ஒன்றுக்கும், பொதுவான 21 கட்டங்களில் ஒன்றுக்கும் இடையிலான எடையைக் கணக்கிட்டால், ஒரு எழுத்து +1 தரும், இன்னொன்று −1 தரும், மொத்தம் பூஜ்யம். அதாவது 21 கட்டங்களும் இந்த விஷயத்தில் வாய் திறக்காது. அந்த 4 கட்டங்களில் இரண்டு கெட்டுவிட்டால், எந்தக் கட்டத்தை முதலில் திருத்துகிறோம் என்பதைப் பொறுத்து ‘ப’ வரும் அல்லது ‘ட’ வரும். ஒத்த வடிவங்கள் ஒன்றையொன்று தின்னும் என்பது இதுதான்.

மூளையில் இதற்கு ஒரு ஏற்பாடு இருப்பதாகக் கருதப்படுகிறது. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் ‘டென்டேட் ஜைரஸ்’ பகுதியில் ஒரு நேரத்தில் மிகச் சில நரம்பணுக்களே இயங்கும். அதனால் ஒத்த அனுபவங்களும் வேறுவேறு அணுக்களில் போய் விழும். அடுத்துள்ள சிஏ3 பகுதியில் நரம்பணுக்கள் தங்களுக்குள்ளேயே அதிகம் இணைந்திருக்கின்றன. துண்டிலிருந்து முழுசைக் கட்டும் வேலை அங்கே நடக்கிறது என்பது கருத்து. மூளை ஆய்வாளர் டேவிட் மார் 1971-லேயே இந்தத் திசையில் எழுதிவிட்டார்.

ஹாப்ஃபீல்ட் மாதிரியின் கொள்ளளவும் குறைவு. தொடர்பில்லாத வடிவங்களாக இருந்தால்கூட நியூரான் எண்ணிக்கையில் சுமார் 0.138 மடங்குதான், 1000 நியூரானுக்கு 138 வடிவம். அதைத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக அல்ல, மொத்தமாகக் குலையும். அதற்கு முன்பே கலவை வடிவங்கள் தலைகாட்டும்: மூன்று வடிவங்கள் சேர்ந்து, யாரும் பதியாத நாலாவது ஒன்று உருவாகி உறுதியாக நிற்கும். 1995-இல் ரோடிகரும் மெக்டெர்மட்டும் மனிதர்களிடம் செய்த சோதனை இதை நினைவூட்டுகிறது. படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். அதில் ‘தூக்கம்’ இல்லை. ஆனாலும் பலர் அதைக் கேட்டதாக உறுதியாகச் சொன்னார்கள். காரணம் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் மீளக் கட்டும் எந்த அமைப்புக்கும் இந்த ஆபத்து உண்டு.

இந்த மாதிரியை நிரலாக எழுதப்போகிறவர்களுக்கு: நியூரான் தன்னோடு கொள்ளும் எடையை பூஜ்யமாக்குங்கள், 0/1 வேண்டாம், −1/+1 வையுங்கள், எல்லா நியூரானையும் ஒரே நேரத்தில் மாற்றினால் இரண்டு நிலைகளுக்கு இடையே ஊசலாடி மாட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பதியும் விஷயத்துக்கு வருவோம். 1989-இல் மெக்ளாஸ்கியும் கோஹனும் ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு 1-ஐக் கூட்டும் 17 கணக்குகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகக் கற்றது. பிறகு 2-ஐக் கூட்டும் கணக்குகளை மட்டும் கொடுத்தபோது பழையவை சட்டென்று அழிந்தன. அதே எடைகளைப் புதுக் கணக்குக்காகத் திருத்தினால் பழைய கணக்கு தாங்காது. குழந்தை இரண்டாம் வாய்ப்பாடு படித்ததால் ஒன்றாம் வாய்ப்பாட்டை மறப்பதில்லை. ஏன்?

1995-இல் மெக்லேலண்ட், மெக்நாட்டன், ஓ’ரெய்லி மூவரும் தந்த விடை: மூளையில் இரண்டு வேகங்கள் உள்ளன. ஹிப்போகாம்பஸ் ஒரே தடவையில் பதியும். மூளையின் வெளி அடுக்கான புறணி மெதுவாக, பழையதோடு புதியதைக் கலந்து கற்கும். ஹிப்போகாம்பஸ் தன்னிடம் உள்ளதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டி புறணிக்குப் பாடம் எடுக்கிறது. எலிகள் நடந்தபோது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள் அடுத்து வந்த தூக்கத்திலும் சேர்ந்து இயங்கியதை வில்சனும் மெக்நாட்டனும் 1994-இல் பதிவு செய்திருந்தார்கள். ‘ஹெச்.எம்.’ என்று அறியப்பட்ட ஹென்றி மொலைசனுக்கு 1953-இல் இரு பக்க ஹிப்போகாம்பஸிலும் ஒரு பெரிய பகுதி அகற்றப்பட்ட பிறகு, புதிய நிகழ்ச்சிகள் நினைவில் தங்கவில்லை, சிறுவயது நினைவுகள் இருந்தன.

பழையதைத் திரும்ப ஓட்டிக்காட்டும் இதே உத்தியை டீப்மைண்ட் என்ற ஏஐ நிறுவனம் அட்டாரி வீடியோ விளையாட்டுகளில் பயன்படுத்தியது. கடைசி 10 லட்சம் அனுபவங்களைச் சேமித்து, ஒவ்வொரு முறையும் தற்செயலாக 32 எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் ஒரு மாடலை ஃபைன்-ட்யூன் செய்தாலும் (ஏற்கெனவே பயிற்சி பெற்றதற்குப் புதிய வேலைக்காக மேலும் பயிற்சி கொடுத்தாலும்) பழைய தரவில் ஒரு பங்கைக் கலந்தே கொடுங்கள். புதியதை மட்டும் கொடுத்தால் முன்பு நன்றாகச் செய்த வேலைகளே கெடும்.

இனி சாட்பாட். அதன் எடைகள் பயிற்சியோடு உறைந்துவிடுகின்றன. பதில் சொல்லும்போது அவை மாறுவதில்லை. நீங்கள் தட்டச்சு செய்தது கான்டெக்ஸ்ட் எனப்படும் தற்காலிகப் பகுதியில் மட்டும் இருக்கும். பல சாட்பாட்களில் வரும் ‘நினைவு’ வசதியும் பெரும்பாலும் உங்களைப் பற்றிய குறிப்புகளை எழுத்தாகச் சேமித்து, அடுத்த உரையாடலின் தொடக்கத்தில் சேர்ப்பதுதான். நம் மூளையில் நினைவுகூர்வதே நினைவைத் தொட்டுவிடுகிறது. பழைய பய நினைவைத் தூண்டிய உடனே புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்த நினைவு பலவீனமாகிறது என்று 2000-இல் நேடர், ஷாஃப், லெடூ எலிகளில் காட்டினார்கள். சாட்பாட்டுக்கு அப்படி ஒன்று நடப்பதில்லை. அதனால்தான் இன்று அதன் தவறைத் திருத்தி, அது “புரிந்தது” என்று சொன்ன பிறகும், நாளை புதிய உரையாடலைத் தொடங்கினால் அதே தவறு திரும்ப வரலாம்.